இன்னும் விழாத அடிக்கு அளவு

அந்த வட்டாரத்து இசைக்குழுக்களுக்கு அவள் சத்தக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். மாநாட்டு அரங்குகளில் ஒலிபெருக்கி வேலை பார்த்துச் சலித்துப்போய், வீட்டின் கீழே கார் நிற்க வேண்டிய இடத்தை அடைத்து, சுவரெங்கும் பஞ்சுப் பலகை அறைந்து ஒலிப்பதிவுக் கூடமாக்கியவள். கார் தெருவில் வெயில் காய்கிறது. அதைப் பற்றிக் கணவர் வாய் திறப்பதை நிறுத்திப் பல காலமாகிறது. "உங்களுக்கு நல்ல காது" என்று யாராவது சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும். காது எல்லோருக்கும்தான் இருக்கிறது, முடிவெடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை என்பாள்.

அன்று காலை அப்படி ஒரு முடிவுக்காக இரண்டு பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவள் தம்பி, கிட்டார் வாசிப்பவன். மற்றவர் டிரம்ஸ்காரர். டயர் கடையில் வேலை பார்ப்பதால் குழுவில் அவர் பெயரே டயர். அடுத்த வாரம் அவருடைய இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு எழுதலாம், சாப்பிடலாம், பை தூக்கலாம், ஆனால் இந்த மாதிரி அடிக்கு உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவின் பாட்டுகளிலேயே கனமானது இன்னும் பதிவாகவில்லை. கை ஒரு தடவை தாங்கும். இரண்டாவது தடவையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தம்பி ஒரு ப்ரீஆம்ப் கொண்டுவந்திருந்தான். மைக்கிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி. நண்பனிடம் கெஞ்சி வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவளிடம் இருந்தது பழைய இன்டர்ஃபேஸ். எட்டு மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாதாரணப் பெட்டி. பெருக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"ஸ்னேர் டிரம்மை மட்டும் இதுல விடுக்கா. காகிதம் மாதிரி இருக்கிற சத்தம்கூட இதுல சதை பிடிச்சு வரும்."

"வரும். இல்லைன்னு யாரு சொன்னா?"

"அப்புறம் என்ன?"

"விளிம்பு வரைக்கும் ஏத்தினாத்தான் அந்தச் சதை வரும். விளிம்பு எங்க இருக்குன்னு தெரியணுமே. டயர், முழு பலத்தோட ஒண்ணு அடிங்க பாப்போம்."

அவர் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் டாக்டரைப் போல ஸ்னேரை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுவா முழு பலம்?"

"அது பாட்டுக்குன்னு வெச்சிருக்கேன்க்கா."

"என்னைவிட மூணு வயசு பெரியவரு. அக்காவாம்."

"சத்தத்துல நீங்கதானே மூத்தவங்க."

சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. மைக்கைச் சோதிக்கும்போது முணுமுணுத்துவிட்டு, மேடை ஏறியதும் கத்துகிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அப்படியில்லை. இங்கே அளந்து பார்ப்பதே அளக்க வேண்டியதைச் செலவழித்துவிடும்.

"ஒரே ஒரு அடி கேளுக்கா," என்றான் தம்பி தணிந்த குரலில்.

அது டயர் காதிலும் விழுந்தது. "கேட்டா அடிக்கிறேன். பாட்டுல ஒண்ணு குறைஞ்சா என்னைச் சொல்லாதீங்க."

அவள் அவருடைய மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தாள். அளவு மீறி ஏற்றினால் அடியின் உச்சி வெட்டுப்பட்டுப்போகும். வெட்டுப்பட்டதை யாராலும் ஒட்டவைக்க முடியாது. குறைவாகப் பதிந்தாலோ பிறகு ஏற்றிக்கொள்ளலாம், பெட்டியின் இரைச்சல் கூடவே ஏறி வராமல் இருந்தால். பழைய பெட்டிக்கு ஒரு குணமும் கிடையாது. இரைச்சலும் கிடையாது. தம்பி ப்ரீஆம்ப்பில் மாட்டியிருந்த ஸ்னேர் மைக்கின் கம்பியை உருவி இன்டர்ஃபேஸில் செருகினாள். அதன் அளவுக் குமிழைத் தான் வழக்கமாக வைக்கும் இடத்துக்கும் வெகு கீழே இறக்கினாள்.

"சப்புனு இருந்தா என்னைக் கேக்காத," என்று சொல்லிவிட்டுத் தம்பி கிட்டாரை மாட்டிக்கொண்டான். டயர் காதில் மட்டும் விழும்படி வழிகாட்டியாக வாசிக்க வேண்டியது அவன் வேலை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் திரை முன்னால் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. முதல் அடியிலேயே திரையில் சத்தத்தின் அளவு காட்டும் பச்சைக் கோடு அவள் நினைத்ததற்கும் மேலே தாவியது. மஞ்சளைத் தொட்டது. விரல்கள் தாமாகக் குமிழுக்குப் போயின. நடுவில் குறைத்தால் பாட்டின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் வேறு வேறு ஆளுடையதாகிவிடும். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் டயரின் வாய் கோணியிருந்தது. வேகம் குறையவில்லை. கடைசிப் பகுதியில் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட உயர்ந்தது. கோடு சிவப்பின் விளிம்பில் போய் நின்று நின்று திரும்பியது.

முடிந்தது. சிவப்பு எரியவில்லை. டயர் இடது கையைப் பார்த்தபடி இருந்தார். குச்சியை அது விட மறுத்தது. வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் குச்சியை எடுத்தார்.

"இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்த தம்பி, அதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மூவரும் கேட்டார்கள். அவள் ஸ்னேரை ஏற்றினாள். அடிகள் ஒன்றுகூட உடையாமல் வந்தன, ஆனால் வறண்டு.

"சப்புனுதான் இருக்கு," என்றான் தம்பி. பிறகு, "ஆனா முழுசா இருக்கு."

இன்னும் ஏற்றினாள். அடிகளுக்கு நடுவே வேறு ஏதோ கேட்டது, கனத்த பெட்டியை மாடிக்கு ஏற்றுகிறவன் முனகுவது போல.

"யாரு அது?" என்றார் டயர்.

"நீங்கதான்."

அவர் முகம் மாறியது. "வலிக்கவே இல்லைன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அவ இந்தப் பாட்டைக் கேக்காம விடமாட்டா. கிட்டார் சேர்ந்தா மூடிடுமா?"

பொய் சொல்ல அவளுக்கு ஆசைதான். "மூடும். கடைசியில கிட்டார் சட்டுனு நிக்குதில்ல, அங்க மட்டும் கேக்கும். வெட்டினா அடியும் சேர்ந்து போயிடும்."

அந்த நிறுத்தம் தம்பி வைத்தது. குழுவே வேண்டாம் என்றபோதும் சண்டை போட்டு வைத்தது. அவன் கிட்டாரின் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நின்றான்.

"அங்க நான் நிறுத்தப்போறதில்ல," என்றான். "இழுத்து விட்டுடறேன்."