கவரில் எங்கள் விலாசம்

வீரபாண்டியில் ஒரு பனியன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு அறை, ஒரு போன், நான்கு பேர். ஜனநாயகம், மனித உரிமை என்று தலைப்பிட்டு எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த நிதி, இங்கே பனியன் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்ட வகுப்பாக மாறியது. நான் படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவள். சட்டப் பிரிவுகளை நம்பரோடு ஒப்பிப்பேன்.

"ஏ டீச்சர், மூச்சு விட்டுட்டுப் பேசுட்டி. நாங்க எங்கயும் ஓடிர மாட்டோம்" என்று பின்வரிசையிலிருந்து கலாய்ப்பார் ஓர் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். ஓவர்லாக் டெய்லர், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் போகவில்லை. தைக்கும்போது சூப்பர்வைசர் பின்னால் வந்து தோளில் கை வைத்திருக்கிறான். தட்டிவிட்டதற்கு, தையல் லைன் முழுக்கக் கேட்கும்படி அவரை நடத்தை கெட்டவள் என்று திட்டியிருக்கிறான்.

"அவன் வேலை போகணும்னு எனக்கு இல்ல. எல்லார் முன்னாலயும் சொன்னதை, எல்லார் முன்னாலயும் தப்புன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

மாவட்டப் புகார்க் குழுவுக்கு எழுதினோம். ஹாஸ்டலுக்கு வரும் கடிதத்தை வார்டன் பிரித்துவிடுவார் என்பதால், யாருடைய புகாராக இருந்தாலும் எங்கள் அலுவலக விலாசத்தையும் போன் நம்பரையும் போடுவதுதான் வழக்கம். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமைகூட உண்டு.

"நாங்க இருக்கோமுங்க்கா, தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அடுத்த மாதமே மின்னஞ்சல் வந்தது. நிதி தந்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டது, இன்றோடு எல்லா வேலையையும் நிறுத்துங்கள் என்றது. அக்காவிடம் சொன்னபோது, "நாம ஏதும் தப்பா எழுதி அனுப்பிட்டோமா?" என்று கேட்டார். இல்லை என்று அவரை நம்பவைக்கவே நேரம் பிடித்தது.

நாற்காலி, மின்விசிறி, வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன். போனையும் ஒப்படைத்தேன். விலாசம் மாறியது என்று புகார்க் குழுவுக்கு ஒரு வரி எழுத மட்டும் தோன்றவில்லை. தபால் வந்தால் கட்டடச் சொந்தக்காரர் கூப்பிடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவுமில்லை.

சொந்த ஊரான குண்டடத்தில் வீட்டில் இருந்தபடி வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா இரண்டு தடவை என் செல்லுக்கு அழைத்தார். "லெட்டர் வந்துச்சா?"

"கவர்மெண்ட்டுன்னா லேட்டாகுமுங்க்கா. வந்தா நானே சொல்றேன்."

சில மாதம் கழித்துக் கட்டடக்காரர் அழைத்தார். "கண்ணு, மாடிக்குப் புதுசா ஆள் வர்றாங்க. ஷட்டரத் தூக்குனா உங்க தபாலெல்லாம் உள்ளார கெடக்குதுங்க. வந்து எடுத்துக்கறீங்களா?"

அக்கா பெயருக்கு நான்கு கடிதங்கள். மூன்று, விசாரணைக்கு அழைத்தவை. நான்காவது, புகார்தாரர் வராததால் புகார் முடித்துவைக்கப்படுவதாகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் கொடுத்தேன். நின்றபடியே நான்கையும் படித்தார்.

"அந்த சூப்பர்வைசருக்கும் இந்த லெட்டர் போயிருக்கு. மூணு தடவையும் போயிருக்கான். 'கூப்ட்டா வர மாட்ட, பெட்டிஷன் மட்டும் குடுப்பியோ?'ன்னு லைன்ல வச்சே கேட்டான். பொய் சொல்லுதான்னு நெனச்சேன். நீதான் லெட்டரே வரலன்னியே."

எனக்கு மறுபடி வேகம் வந்துவிட்டது. "அப்பீல் போலாமுங்க்கா. தொண்ணூறு நாள் டைம் இருக்குதுங்க. நான் கூட வர்றேன்."

"நீ நல்ல பிள்ளதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் பொய்யா எழுதிக் குடுத்தேன்னு லைன்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டாக. கூட உக்காந்து சாப்பிடுதவளே தள்ளி உக்காருதா. இந்த வாரத்தோட கணக்கு முடிச்சிட்டு ஊருக்குப் போறேன்."

கடிதங்களை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, கவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"லெட்டரு வேண்டாம். அதுல நான் வரலன்னுதான் இருக்கு. கவர்ல உங்க ஆபீஸ் விலாசம்தான இருக்கு. எனக்கு வரவே இல்லன்னு இதுலதான் தெரியும். கூட சாப்பிடுதவ ஒருத்திட்டயாவது காட்டிட்டுப் போறேன்."

நான்கு கவர்களையும் மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஹாஸ்டலை நோக்கி நடந்தார்.