மச்சானின் லாரி விளக்குகள்

மட்கார்டின் மேல் நான்கு ஸ்டிக்கர் பொட்டுகளோடு நின்ற அந்தப் பழைய லாரி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பொட்டுகள் என் மனைவியுடையவை. ஒட்டியவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். விளக்குக்கு இரண்டாக நான்கு துளை போட வேண்டிய இடத்தைக் குறிக்க அவருக்குச் சாக்பீஸ் ஒத்துவரவில்லை. கை பட்டால் அழிந்துவிடுமாம். பொட்டை ஒட்டுவார், பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், திரும்பி வந்து ஒரு நெல் அளவு நகர்த்தி ஒட்டுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. பெண் பார்க்கப் போனபோது நான்கூட இவர் தங்கையை இப்படி உற்றுப் பார்க்கவில்லை. இப்போது தோப்போரக் கொட்டகையில் நிற்கும் அந்த வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் நிக்கல் பளபளப்பைத்தான் மெச்சுகிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் கேட்பதில்லை.

மச்சானுடையது கொள்ளிடக்கரையில் வாழை போடுகிற குடும்பம். மூக்கு நீண்ட, உருண்டை மட்கார்டு வைத்த அந்த லாரியில்தான் வாழைத்தார் ஏற்றுவார்கள். இடது விளக்கு எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது போதும் என்று விட்டுவிட்டார். மகளை ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் அதில்தான் கொண்டுபோய் விடுவார். கூடப் படித்தவர்கள் 'ஒத்தக்கண்ணு லாரி' என்று கேலி செய்ய, அவள் இரண்டு தெரு முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தாள். காரணத்தை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அழைப்பை நம் லாரியில் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "பார்க்கலாம்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மனிதர் வேலையில் இறங்கினார்.

துவாக்குடிப் பக்கம் ஒரு ஷெட்டில் வண்டியை விட்டோம். "எல்.இ.டி பட்டை அடிச்சிருவோம்ண்ணே, பளபளன்னு இருக்கும்" என்றார் மெக்கானிக். மச்சானுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை விளக்குதான் வேண்டும். பாலக்கரைப் பழைய சாமான் கடைகளில் அவரோடு அலைந்து என் செருப்பு தேய்ந்தது. ஒரு ஜோடி கிடைத்தால் வளையம் ஒன்று அகலமாக இருக்கும், ஒன்று குறுகலாக இருக்கும். பம்பரில் வைத்தால் மட்கார்டைத் துளைக்க வேண்டாமே என்றேன். "கண்ணக் கொண்டுபோய்த் தாடையில வைக்கச் சொல்றீங்களே மாப்ள!" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கடைசியில் பொட்டின் நடுவில் அவரே துளை போட்டார். தப்பினால் மாற்று மட்கார்டு கிடைக்காது. விளக்கின் காலுக்கு அடியில் ரப்பர் கொடுத்து, மட்கார்டு விளிம்பில் நிக்கல் பட்டை அடித்தோம். சுவரில் கோடு போட்டு, இரண்டு வெளிச்சமும் அதன்மேல் விழும்படி திருகி இறுக்கினோம்.

அழைப்பன்று பொழுது சாய, மாப்பிள்ளையோடு முப்பது பேர் பின்னால் ஏறினார்கள். முன்னால் மச்சானும் நானும். தெரு திரும்பியதும் விளக்கைப் போட்டார். வெளிச்சம் சாலையில் விழாமல் மாடிகளின் மேல் போயிற்று. வெறும் வண்டியை வைத்து அளந்திருக்கிறோம்! பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும் என்பது, ஆயுசெல்லாம் பாரம் ஏற்றியவருக்கே மறந்துவிட்டது. "மானத்த வாங்கிருச்சே மாப்ள" என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மண்டப வாசலில் நின்றபோது வெளிச்சம் நேராக மாடி வராந்தாவில் விழுந்தது. அங்கே அவர் மகள் நின்றிருந்தாள். கண் கூச, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். மச்சான் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு இப்ப வெளியே வரக்கூடாதும்மா" என்று பெண்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு வர, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள் அவள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

"ஏன்ப்பா அணைச்சிட்டீங்க? போடுங்க. ஸ்கூல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

மாப்பிள்ளை, முப்பது பேர், மேளக்காரர்கள் எல்லோரோடும் போனோம். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே மச்சானின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது.

"இங்க இல்லப்பா. வாசல்லயே நிறுத்துங்க" என்றாள்.