கைப்பிடி இல்லாத எட்டு பிரஷ்

சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து, வந்தவன் முதல் நாள் தூங்கக் கூடாது. தூங்கினால் பெட்டி அவன் கையை விட்டுப் போய்விடும். இருபத்தாறு வருடம் வளைகுடாவில் இருந்த எனக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் இந்தத் தடவை திருச்சியில் இறங்கி, கூத்தாநல்லூர் வந்து சேர்ந்து, குளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சாய்வோம் என்று படுத்தவன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதுகூடக் காதில் விழவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்தபோது பெட்டி வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தது.

எங்கள் ஊரில் பெட்டி பிரிப்பது சின்ன வேலை இல்லை. இன்ன வீட்டுக்கு இரண்டு சோப்பு, இன்ன வீட்டுக்கு ஒரு அத்தர், போன தடவை பால் பவுடர் போன வீட்டுக்கு இந்தத் தடவை பாதாம் என்று ஒரு கணக்கு உண்டு. அது தப்பினால் ஒரு வருடத்துக்கு மூஞ்சி தூக்கல். என் மனைவி அதில் கெட்டிக்காரி. நான் தூங்கிக்கொண்டிருந்த மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் பைகளில் போட்டு, பேர் எழுதி, ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பியே விட்டாள்.

“அந்த வெள்ளைப் பாக்கெட் ரெண்டு இருந்துச்சே?” என்று கேட்டேன்.

“புள்ளைங்க பிரஷ்ஷா? பிரிச்சா எட்டு இருந்துச்சு. எட்டு வீட்டுக்கும் ஒண்ணொண்ணு போட்டுட்டேன். ஏங்க?”

“ஒண்ணுமில்ல.”

அவை பிள்ளைகள் பிரஷ் இல்லை. மின்சார பிரஷ்ஷின் தலைகள். அடியில் ஒரு துளை இருக்கும், அதைக் கைப்பிடியில் செருக வேண்டும். கைப்பிடிக்குள்தான் மோட்டாரும் பேட்டரியும். அந்தக் கைப்பிடி ஒன்றே ஒன்றுதான், அது என் தோள்பையில் இருந்தது. இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பிறகு, மிச்சமாவது இருக்கட்டும் என்று அங்கே டாக்டர் சொல்லி வாங்கியது. தலைகளை ஊரில் தேடி அலைய முடியாது என்று எனக்காக வாங்கி வந்தேன்.

ஊரில் எனக்கு எதற்கு அவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். நான் லீவில் வரவில்லை. முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கடை வேறு கைக்கு மாறியது. ஐம்பத்தெட்டு வயதுக்காரனின் விசாவைப் புதுப்பிக்கப் புதிய முதலாளிக்கு ஒரு காரணமும் இல்லை. வீட்டில் மட்டும் வழக்கம்போல நாற்பத்தைந்து நாள் லீவு என்று சொல்லியிருந்தேன். போனில் சொல்ல மனசு வரவில்லை, நேரில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நேரில் வந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், தூங்கி எழுந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். எழுந்து பார்த்தால் எட்டு வீட்டுக்கு பிரஷ் தலை போயிருந்தது.

முதல் போன் பொதக்குடியில் இருக்கும் என் லாத்தாவிடமிருந்து, அதாவது மூத்த அக்காவிடமிருந்து.

“என்னடா தம்பி, பிரஷ்ஷு மொட்டையா இருக்கு? வழியில காம்பு ஒடிஞ்சுபோச்சா?”

“ஒடியல லாத்தா. அது கரண்டு பிரஷ்ஷோட தலை. தனியா கைப்பிடி இருக்கு, அதுல சொருகணும்.”

“கைப்பிடி எங்க?”

“அது இந்தத் தடவ வாங்கல.”

“சரி, அடுத்த தடவ வரும்போது வாங்கிட்டு வா. அது வரைக்கும் இத பீரோவுல வச்சிருக்கேன்.”

“சரி லாத்தா” என்றேன். அந்த ஒரு ‘சரி’யில் ஆரம்பித்தது என் அசதி.

எட்டு வீட்டிலிருந்தும் கேள்வி வந்தது. ஒரே கேள்வியாக வந்திருந்தாலாவது சமாளித்திருக்கலாம். ஒருவர் இதற்கு எந்தக் கைப்பிடி சேரும் என்றார். அதே கம்பெனிக் கைப்பிடிதான் சேரும் என்றேன். ஒரு கைப்பிடி வாங்கினால் வீட்டில் ஐந்து பேரும் பயன்படுத்தலாமா என்றார் இன்னொருவர். தாராளமாக, ஆளுக்கு ஒரு தலை வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது, மாறிப்போகாமல் இருக்க அடியில் கலர் வளையம் இருக்கும் என்று விளக்கினேன். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு ஏன் ஒரே ஒரு தலை வந்தது என்று கேட்டார். அவருக்கும் அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன்.

எதிர் வீட்டுப் பெரியம்மா பொறுமைசாலி இல்லை. கைப்பிடி வரும் வரை காத்திருக்காமல், தலையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். ஈறெல்லாம் ரத்தம்.

“ஏன் தம்பி, கையால தேச்சதுக்கே இப்புடின்னா, கரண்டுல தேச்சா என்னாகும்? வாயில ஷாக் அடிக்காதா?”

“ஷாக்கெல்லாம் அடிக்காது பெரியம்மா. சார்ஜ் ஏத்தி எடுத்துட்டா அது பாட்டுக்கு ஓடும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. அழுத்தித் தேய்க்கக் கூடாது, பல்லு மேல சும்மா வச்சாப் போதும். ஒரு வாரம் கழிச்சும் ரத்தம் வந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“அப்ப அடுத்த பயணத்துல எனக்கும் ஒரு மெஷின் எடுத்துட்டு வந்துரு.”

“சரி பெரியம்மா.”

எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. லீவில் வந்தவனை எங்கள் ஊரில் இரண்டு கேள்வி கேட்பார்கள், எப்ப வந்தீங்க, எப்பப் பயணம். இந்தத் தடவை மூன்றாவதாக பிரஷ் கைப்பிடியும் சேர்ந்துகொண்டது. கடைத்தெருவுக்குப் போனால் கேட்டார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்கள். நானும் ‘சரி, பார்க்கலாம், எடுத்துட்டு வர்றேன்’ என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலமானால் மூட்டை தூக்கியவனைப்போல ஓய்ந்து போனேன். ஒரு வேலையும் செய்யாமல் உடம்பு இப்படி வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லோருக்கும் இங்கேயே வாங்கிக் கொடுத்து ஆளை விட்டால் போதும் என்று ஒரு நாள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன். அறுப்பு நேரம். ரோட்டில் பாதியை அறுவடை மெஷின் அடைத்துக்கொண்டது, மீதியில் நெல் காய்ந்தது. அரை மணி நேரப் பயணம் ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மருந்துக்கடையில் கையை விரித்தார்கள். பெரிய ஃபேன்சி ஸ்டோரில், கரடிப் படம் போட்ட ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். பேட்டரி போட்டு ஓட்டுவது. என் தலைகள் அதில் செருகாது.

“இதெல்லாம் இங்க யாரு கேக்கறாங்க பாய்? ஆன்லைன்லதான் பாக்கணும். நீங்க வெளிநாட்டுல இருக்கவங்கதானே, அங்கயே வாங்கிட்டு வந்துடலாமே.”

அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத மனுஷர், யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. “ஆமா, வாங்கிட்டு வரணும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

என் மனைவியின் தம்பி பள்ளிக்கூட வாத்தியார். காத்திருக்கும் ரகம் இல்லை. ஆன்லைனில் ஒரு கைப்பிடி வரவழைத்துவிட்டார். ஒரு வாரத்தில், வாங்கிய பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், இது ரிப்பேரு. ஓடிக்கிட்டே இருக்கும்போது விக்கி விக்கி நிக்கிது. கொஞ்ச நேரத்துல மொத்தமா நின்னுடுது. மொத நாளு நான் கரண்டு போயிடுச்சுன்னே நெனச்சுட்டேன்.”

“கரண்டுக்கும் அதுக்கும் என்ன மாப்ள சம்மந்தம்? அது ரிப்பேரு இல்ல. அர நிமிஷத்துக்கு ஒருக்கா விக்கும். மேல வலது, மேல இடது, கீழ வலது, கீழ இடதுன்னு எடத்த மாத்தணும்னு அர்த்தம். ரெண்டு நிமிஷம் ஆனா தானா நின்னுரும்.”

“அதுவே சொல்லுதா? ஸ்கூல் பெல்லு மாதிரி!” என்று சந்தோஷப்பட்டு, உடனே செய்து பார்க்கப் போனார். பிரஷ்ஷில் விரல் நீளத்துக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கி, வாயில் வைப்பதற்கு முன்பே பட்டனை அமுக்கினார். கண்ணாடி, குழாய், அவர் சட்டை, பக்கத்தில் நின்ற நான், எல்லாம் வெள்ளைப் புள்ளி. பட்டாணி அளவு பேஸ்ட் போதும், வாயில் வைத்த பிறகுதான் அமுக்க வேண்டும், முன்னும் பின்னும் நீங்கள் தேய்க்க வேண்டாம், அது தேய்த்துக்கொள்ளும் என்று துடைத்துக்கொண்டே சொன்னேன்.

“இந்தத் தலை எத்தன நாளைக்கு வரும் மச்சான்?”

“மூணு மாசம். நார் விரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்திடணும்.”

என் மனைவி கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு வந்து நின்றிருந்தாள்.

நாற்பது நாள் ஓடிவிட்டது. மற்ற லீவுகளில் முப்பதாவது நாளே மிளகாய் வறுக்கும் நெடி ஆரம்பித்துவிடும். மசாலாத்தூள், ஊறுகாய், நார்த்தங்காய் என்று நான் கொண்டுபோகும் பெட்டியை அவள் நிரப்ப ஆரம்பிப்பாள். இந்தத் தடவை அடுப்படி அமைதியாக இருந்தது. டிக்கெட் எந்தத் தேதி என்றும் அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் நான் போகும் தேதியை அவள் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது லாத்தா போன் செய்தார். ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி, ஒரு யோசன பண்ணியிருக்கேன். பேத்திக்கு நிக்காஹ் பேசியாச்சுல்ல, சீர் சாமானோட இந்தக் கரண்டு பிரஷ்ஷும் வச்சா கௌரவமா இருக்கும். மாப்பிள்ள வீட்டுல ஏழு பேரு. ஏழு செட்டா எடுத்துரு. நீ வர முடியலன்னாலும் யாருகிட்டயாவது குடுத்துவிட்டுரு. சம்பந்தி வீட்டுல சொல்லியும் வச்சுட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். ‘சரி லாத்தா’ என்பதுதான் தொண்டையில் இருந்தது. அதுகூட வரவில்லை. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் இது பேச்சாகும், லாத்தா தலைகுனிவார் என்று தெரிந்தும், சொல்ல வேண்டியதும் வரவில்லை. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

என் மனைவி வந்து குழாயை மூடினாள். போனைக் கையில் எடுத்தாள்.

“லாத்தா, நான்தான். அவங்க இனிமே சபுர் போவல. முடிச்சுட்டு வந்துட்டாங்க. சம்பந்தி வீட்டுல சொன்னத இன்னிக்கே மாத்திச் சொல்லிருங்க. சீருக்கு வேற ஏதாவது பாப்போம், நானே வர்றேன்.”

அந்தப் பக்கம் “அல்லாஹ்” என்று ஒரு மூச்சு. “சரிம்மா” என்று லாத்தா வைத்துவிட்டார்.

“ஒனக்கு எப்புடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தம்பிகிட்ட நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு மூணு மாசம் வரும்னு. எட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஆவும். நாப்பத்தஞ்சு நாளுக்கு வந்தவரு எதுக்குங்க ரெண்டு வருஷத்து பிரஷ்ஷ சுமந்துட்டு வர்றாரு?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் பாத்தேன். எட்டு வீட்டுக்கும் சரி சரின்னு சொல்றீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எனக்கு மட்டும் அசதி இருக்காதா?”

அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“பெட்டியில்லாம இந்த வீட்டுல நான் யாருன்னு எனக்கே தெரியல” என்றேன். இதைத்தான் நாற்பது நாளாகச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள். “குடும்பத்த எப்படி ஓட்டறதுன்னு சேந்து யோசிப்போம். இப்பப் போயிப் படுங்க. யாரு கூப்பிட்டாலும் நான் பேசிக்கிறேன்.”

போய்ப் படுத்தேன். ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது. எந்த வீடு என்று தெரியவில்லை. கூடத்தில் அவள் எடுத்துப் பேசுவது கேட்டது.

“ஆமாங்க, தூங்குறாங்க. இல்லங்க, பயணமெல்லாம் இல்ல. இனிமே இங்கதான் இருப்பாங்க.”