காட்டு ராகி

தளிப் பக்கம் எங்களுக்கு இருந்த மானாவாரி நிலத்தில் காட்டு ராகி எப்படிப் புகுந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மழை பொய்த்த வருஷம் சந்தையில் வாங்கிய விதை ராகியோடு வந்திருக்கும் என்பார் அப்பா. அந்தக் களைப்புல் சரியான வேஷக்காரி. முளைக்கும்போது ராகி, வளரும்போதும் ராகி. கதிர் விட்டால்தான் குட்டு வெளிப்படும். ராகி முற்றுவதற்குள் தன் விதையைக் கொட்டி முடித்திருக்கும்.

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் குனிந்த முதுகு நிமிராமல் பிடுங்கினோம். பிடுங்கியதை மாட்டுக்குப் போட்டோம். சாணியை எருக்குழியில் சேர்த்து நிலத்துக்கு அடித்தோம். எல்லாரும் செய்வதுதான். அடுத்த வருஷம் எரு விழுந்த இடமெல்லாம் அதே புல். மாட்டின் வயிற்றில்கூட அந்த விதை சாகவில்லை. எங்கள் கையாலேயே விதைத்திருக்கிறோம். அப்பா தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே ஒரு புல்லு மாட்டு வாய்க்குப் போவக் கூடாது. எல்லாத்தயும் கொளுத்திடணும்" என்றார்.

அந்த வருஷம்தான் தங்கை பிறந்திருந்தாள். பிரசவக் காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு மாட்டுப்பால்தான் உயிர். வைத்திருந்த ராகித் தாளும் தீர்ந்துபோய், ஊரில் பச்சை என்று இருந்தது அந்தப் பாழாய்ப்போன புல் ஒன்றுதான். அதையும் கொளுத்த ஆரம்பித்ததும் மாட்டுக்கு மடி சுருங்கியது. தங்கைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

ஒருநாள், கொளுத்தக் குவித்திருந்ததிலிருந்து அம்மா ஒரு கட்டுப் புல்லை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் அந்தக் கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

"நெலம் போனாப் போவுது" என்றார்.

போகத்தான் போனது. அடுத்த வருஷம் நிலம் முழுக்க அந்தப் புல்லே மண்டி, விதைத்த ராகிகூடத் திரும்பவில்லை. அப்பா கிருஷ்ணகிரிக்கு அணை கட்டும் வேலையில் மண் சுமக்கப் போனார். தங்கை பிழைத்தாள், நடந்தாள், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். பிறகு அம்மை வந்து வாரிக்கொண்டு போய்விட்டது. நிலத்தையே கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை. இந்த வயதிலும் எனக்கு அது ஆறவில்லை. சாமி மேல் கோபம்தான் வருகிறது.

அந்த நிலத்து மூலையிலேயே அவளைப் புதைத்தோம். அணை வேலையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா நேரே அங்கேதான் போவார். நிலம் முழுக்கக் காட்டு ராகி நிற்கும். அதைத் தொடமாட்டார். அவளைப் புதைத்த மேட்டில் முளைத்ததை மட்டும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்.

ஒருநாள் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க. இதத் தின்ன மாட்டுப் பாலத்தான அவ குடிச்சா. இருந்துட்டுப் போவட்டும்."

அப்பா கையிலிருந்த புல்லைப் பிடுங்கிய இடத்திலேயே வைத்து, நாற்று நடுவதுபோல் மண்ணை அணைத்துவிட்டு, வாய்விட்டு அழுதார்.