தோளில் இருக்கும் கை யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு சுகன்யா டென்னிஸ் வீராங்கனை. அப்பா கீழ்பென்னாத்தூர் விவசாயி. மகளின் பயிற்சிக்காகவே வேங்கிக்காலுக்குக் குடிவந்தவர். சமீபத்தில் பெங்களூரில் நடந்த ஒரு தொழில்முறைப் போட்டியில் சுகன்யா பெண்கள் இரட்டையர் கோப்பையை ஜெயித்தாள். இரட்டையர் என்றால் இரண்டு பேர். இதைக்கூட நான் விளக்கவேண்டியிருக்கிறது பாருங்கள்...

ஜோடி, கொல்கத்தாப் பெண் மௌமிதா. ஃபைனலில் சுகன்யாவின் சர்வீஸ் சவசவ என்று விழுந்தபோது, நெட் அருகே பாய்ந்து பாய்ந்து ஆட்டத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். இதைச் சொன்னது சுகன்யாவே.

எங்கள் நகர் நலச் சங்கம் பாராட்டு விழா என்றது. இருவருக்கும்தான் என்று நம்பி, சுகன்யா மௌமிதாவையும் அழைத்துவிட்டாள். சென்னையில் பயிற்சியில் இருந்தவள், சனிக்கிழமை பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை, மண்டப வாசலில் பெரிய பேனர். கையில் கோப்பையோடு சுகன்யா. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவள் தோள் மேல் மட்டும் ஒரு கை — மணிக்கட்டோடு நின்றுபோன கை. சுகன்யாவின் அப்பா கொடுத்ததோ இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம்.

மௌமிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தன் கையைத் தெரியாதா? பார்த்தாள். சிரித்தாள். "நான் கிளம்பட்டுமா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சங்கத் தலைவரிடம் போனேன். "ஏங்க, இன்னொரு பொண்ணு எங்க?"

"நம்ம ஊர் பொண்ணு இருந்தா போதாதுங்களா? அதுவுமில்லாம இடம் பத்தலைங்க. கீழ போட்டோ ஜாஸ்தி ஆயிடுச்சு."

கீழே பார்த்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைப் பொருளாளர்... போதாக்குறைக்குப் பொருளாளரின் பேத்தி, பல் முளைக்காத வாயோடு. அந்தக் குழந்தை எந்த செட்டில் ஆடியதாம்?

இதே இரண்டு பையன்கள் ஜெயித்திருந்தால், 'நட்புன்னா இதுதான்டா' என்று இருவரையும் ஆளுயரத்துக்குப் பேனரில் அடித்திருப்பார்கள். பெண்கள் என்றால் ஒருத்தி போதும். மற்றவள் வெளியூர்க்காரி என்றால் கத்தரிக்கோலுக்கு இன்னும் வசதி.

சுகன்யா கெஞ்சிப் பார்த்தாள். "மேடைக்காவது அவளக் கூப்பிடுங்க சார். அடுத்த வாரமும் நாங்க சேர்ந்து ஆடணும். அவ மனசு ஒடிஞ்சுட்டா என்னால ஆட முடியாது."

"அடுத்த வாட்டி பாத்துக்கலாம்மா. சால்வை அளவாத்தான் வாங்கியிருக்கோம்."

சுகன்யா மௌமிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே அவள் அப்பாவும் நானும்.

விழா நின்றதா என்கிறீர்களா? ஏன் நிற்கிறது? தலைவர் செயலாளருக்குச் சால்வை போட்டார். செயலாளர் தலைவருக்குப் போட்டார். மைக் சத்தம் எங்கள் தெருமுனை வரை கேட்டது. ஜெயித்தவர்கள் இல்லாமலேயே பாராட்டு விழா ஜோராக முடிந்தது. பாராட்ட ஆள் வேண்டும் என்று யார் சொன்னது?

வீட்டு வாசலில் சுகன்யாவின் அப்பா புலம்பினார். "ஊரே உக்காந்திருக்கும்போது இப்படிக் கெளம்பி வந்துட்டியேம்மா. நாளைக்கு அவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பயிற்சிக்குக் கிளம்பத் தயாராக, இரண்டு பெண்களும் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுகன்யா நிமிராமலே சொன்னாள்:

"பாதி கோர்ட்டதான்பா என்னால பாத்துக்க முடியும். மீதிப் பாதியில விழற பந்த யாரு, உங்க தலைவரு வந்து எடுப்பாரா?"