டாக்சியில் காயாத ஈரம்

கார் கொதித்தால் முதல் திட்டு ரேடியேட்டருக்கு, அடுத்தது அதைப் பழுது பார்த்தவருக்கு. நடுவழியில் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு என் கவலை புரியும். கோலாலம்பூரில் சுதந்திரக் கொடி ஏறிய வருஷம், காஜா பேராங் என்ற ஊரில் என் வீட்டுக்காரர் பட்டறை வைத்திருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் சோதனை பார்ப்பேன்.

ஈரத்துணி

அவர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவார். நான் ரேடியேட்டரின் முகத்தை ஈரத்துணியால் துடைப்பேன். வெந்நீர் ஓடும் குழாய்மேல் ஈரம் உடனே காயும். அடைத்த குழாய்மேல் அப்படியே நிற்கும். அங்கே வெந்நீர் ஓடவில்லை, இன்ஜின் சூடு தணியாது என்று அர்த்தம். ஒரு லோரிக்காரர் கேட்டார்: "என்னக்கா, வண்டிக்குக் காய்ச்சலா?"

ஐந்து விரல்

டாக்சி ஓட்டும் ராமையா ஒரு காலையில் வந்தார். மறுநாள் கோலாலம்பூருக்கு மூன்று பேரை ஏற்றிப் போகவேண்டும், வண்டியோ கொதிக்கிறது. துடைத்தேன். எல்லாம் காய்ந்தது, நடுவில் ஒரு கை மட்டும் ஈரமாக நின்றது. விரித்த உள்ளங்கை, ஐந்து விரல்.

வீட்டுக்காரர் அடைப்பு என்றார். ராமையாவின் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம் உஜோங் பாசிரில், மழையில் ஒரு கிழவர் கை காட்டினாராம். இவர் நிறுத்தவில்லை. அதே இடத்தில் அவர் விழுந்து இறந்ததாக மறுநாள் கேள்விப்பட்டாராம். "சீட்டு நனையுமேன்னு போயிட்டேன்க்கா. அந்தக் கைதான் இது."

மறுசோதனை

ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுத் துருவை எடுத்து மாட்டினோம். சூடு அளவோடு இருப்பதாகவே சூடுமானி காட்டியது. துடைத்தேன், கை அங்கேயே இருந்தது. விரல் நுனியால் தொட்டேன். சூடேறிய ரேடியேட்டரில் அந்த இடம் மட்டும் ஐஸ்.

இதில் ஆளேற்றி அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால்? சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தக் கிழவர் வீட்டைத் தேடிப் போகும்படி ராமையாவிடம் சொன்னேன். வீட்டுக்காரர் முறைத்தார்: "இது பட்டறையா, பூசாரி வீடாடி?"

முன் சீட்டு

மாலையில் ராமையா ஒரு அம்மாவோடு வந்தார். கிழவரின் மனைவி, கையில் துணி மூட்டை. கோலாலம்பூர் போகும் பாதையிலுள்ள சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் இருந்தவரை, மறுநாள் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

இன்ஜின் ஓடியது. அந்த அம்மா பக்கத்தில் நிற்க, துடைத்தேன். விரல் விரலாகக் காய்ந்தது, கடைசியாக உள்ளங்கை. நான் சாவியை ராமையாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு டாக்சி பிடிக்கத்தான் அவரு அன்னிக்கு ரோட்டுக்குப் போனாரு."

அதிலிருந்து டாக்சிக்காரர் யார் வந்தாலும், தண்ணீர் ஊற்றினீர்களா என்று வீட்டுக்காரர் கேட்பதற்குள், கை காட்டியவருக்கு நிறுத்தினீர்களா என்று நான் கேட்டுவிடுவேன்.