பொருந்தாததை விட்டுவிட்டுப் பார்த்த பொருத்தம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரைப் பெற்று, ஐந்து பேரையும் வளர்த்து ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; ஆனாலும் நானே எழுதுகிறேன்.

கடைசி மகனுக்கு நாற்பது. ஆவடியில் வெல்டராக இருந்தவன். ஆறு வருடமாகத் தசை கரைகிறது. இப்போது ஒரு தம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டும். அவன் உடம்பில் ஒரு புரதம் ஓரிடத்தில் கோணலாக உண்டாகிறதாம். அதே புரதம் வேறு விதமாகக் கெட்டவர்களுக்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. அது இவனுக்கு உதவுமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

என் மூத்த மகளின் பெண் இந்தப் புரதங்களைப் பற்றித்தான் காலேஜில் படிக்கிறாள். திருநின்றவூரில் எங்களோடு இருந்து ரயிலில் போய் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் இரண்டு உருவங்களைக் காட்டினாள். சுருட்டிவிட்ட ரிப்பன் மாதிரி இருந்தன. பச்சை, மருந்து ஒட்டுகிற புரதம். ஆரஞ்சு, என் மகனுடையது. ரத்தப் பரிசோதனையில் கண்ட பிழையை வைத்துக் கணினி கட்டியது. எதையோ தட்டினாள். ஆரஞ்சு நகர்ந்து போய்ப் பச்சையின் மேல் படுத்துக்கொண்டது. கீழே ஓர் எண் வந்தது; இரண்டும் எவ்வளவு விலகி இருக்கின்றன என்ற கணக்காம்.

"நம்பர் சின்னதா வந்தா நல்லதா கண்ணு?"

"ஆமா ஆயா. ரொம்பச் சின்னதா வந்திருக்கு!"

எனக்கு அது போதும். அவள் மேலே பேசுமுன் உள்ளறைக்குப் போய்விட்டேன். "பொருந்திடுச்சுடா! அந்த மருந்து உனக்கும் வேலை செய்யும்."

"இன்னாம்மா, கம்ப்யூட்டர் ஜோசியமா?" என்று மகன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றான். வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னான்.

புதன்கிழமை பேத்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "ஆயா, நான் தப்பு பண்ணிட்டேன்."

சரியாகப் படியாத அணுக்களை அந்த மென்பொருள் தானாகவே தள்ளிவிடுமாம். மிச்சத்தை மட்டும் அளந்து எண் சொல்லுமாம். அதை இவள் கவனிக்கவில்லை. எதையும் தள்ளாதே என்று சொல்லிவிட்டு, மருந்து உட்காரும் குழியைச் சுற்றியுள்ள துண்டை மட்டும் மறுபடி பொருத்தியிருக்கிறாள். எண் பெரிதாகிவிட்டது. காட்டினாள். ஆரஞ்சுச் சுருள் ஒன்று குழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"மத்ததெல்லாம் பொருந்துதே, அது ஒண்ணுதானே?"

"மருந்து உக்கார்ற எடமே அதான் ஆயா."

"வேற பக்கமாத் திருப்பிப் பாரேன்."

எனக்காகத் திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அங்கேயேதான் இருந்தது. அவளுடைய பேராசிரியரிடமும் கேட்டாளாம். அவரும் வழியில்லை என்றுவிட்டார்.

நாலு நாளாக மகன் கேட்கிறான். "மருந்து எப்பம்மா வருதாம்? கேட்டியா இல்லியா?"

"வரும்டா, வரும்" என்கிறேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். உண்டு என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதினேன்.

கண்ணு, எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும். மாமன் கட்டிலண்டை உட்கார்ந்து, இதை அவனுக்குக் கேட்கிற மாதிரி வாசி. நானும் இங்கேயே இருக்கிறேன்.